மூன்று பெயரையும் சொல்லாத அக்கா

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், குற்றாலத்தில் ஆனி மாதத்துச் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பங்களாவில் சமையல்காரர். சீசனுக்கு வருகிற துரைமார் குடும்பங்களுக்கு ரொட்டி சுட்டு, சூப் வைத்துக் கொடுக்க வேண்டும். நான் கிழக்கே பனங்காட்டு ஊரில் பிறந்தவள். துவைத்துப் போட்ட சேலை நாள் கணக்கில் காயாமல் கிடக்கிற ஊர் எனக்குப் புதுசு.

நாங்கள் ஒரு வளவில் குடியிருந்தோம். ஓட்டு அறைகள் வரிசையாக இருக்கும். அதில் சில அறைகளைச் சீசனுக்கு மட்டும் வாடகைக்கு விடுவார்கள். எங்கள் சுவரை ஒட்டிய அறைக்கு அந்த வருஷம் ஒரு பெண் தனியாகக் குடிவந்தாள். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு, கழுத்தில் ஒன்றுமில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. செங்கோட்டையில் கொஞ்ச காலம் இருந்ததால் தமிழ் பேசுவாள். ஒரு தகரப் பெட்டியும் தோளில் மாட்டுகிற துணிப்பையும்தான் அவள் சொத்து. பை நிறையப் புத்தகம். காலையில் பையை மாட்டிக்கொண்டு போனால் பங்களா பங்களாவாக ஏறி இறங்கி, வேதப் புத்தகம் விற்றுவிட்டு வருவாள்.

கிறிஸ்தவள் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. அந்த வளவில் எங்களைத் தவிர வேதக்காரர் யாரும் இல்லை. மாசமாக இருந்தேன். பேசுவதற்கு ஒரு பொம்பளை வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் நானாகப் போய்ப் பேசுகிற சுபாவம் எனக்கு எப்போதும் கிடையாது. கதவிடுக்கில் நின்று பார்ப்பதோடு சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தென்காசிக்கு நடந்தபோது அவளும் கூட வந்தாள். கோயிலில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வேதத்திலிருந்து சங்கீதம் வாசித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று, பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை சொல்வது எங்கள் சபை வழக்கம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவளும் எழுந்து நின்றாள். ஆனால் வாய் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். ஆராதனையில் அது மறுபடியும் வரும் அல்லவா? அப்போதும் கவனித்தேன். அப்போதும் மூடிய வாய் மூடியபடியே இருந்தது. மற்றப் பாட்டெல்லாம் நன்றாகப் பாடுகிறவள், அந்த மூன்று பெயரும் சேர்ந்து வருகிற இடத்தில் மட்டும் ஊமையாகிவிட்டாள்.



அன்றைக்கு உபதேசியார் பிரசங்கம் செய்தார். எங்கள் பாதிரியாரான ஐயர் மாதத்தில் பாதி நாள் கிராமங்களுக்குச் சுற்றுப்பயணம் போய்விடுவார். அவர் இல்லாதபோது எல்லாம் உபதேசியார்தான். அவர் ஒரு தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, மட்டை ஒன்று, சிரட்டை ஒன்று, பருப்பு ஒன்று, ஆனாலும் தேங்காய் ஒன்றுதானே, திரியேக தேவனும் அப்படித்தான் என்று விளக்கினார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது போல இருந்தது. திரும்பி வரும் வழியில் அந்த அக்கா சிரித்தாள்.

"எல்லாம் சரிதான் மோளே. மட்டையை யாரு திம்பா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பயம்தான் கூட. இவள் யார் என்று அப்போதே நினைத்தேன்.

அவள் நடந்துகொண்டே கேட்டாள். "இயேசு தோட்டத்துல முட்டுக்குத்தி ஜெபிச்சாரல்லோ. யாரிட்ட ஜெபிச்சாரு? தன்கிட்டேயேவா?"

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. அடுத்த வாரமே உபதேசியார் குடையோடு எங்கள் வளவுக்கு வந்துவிட்டார்.

"ஏலே தம்பி, பக்கத்து அறைக்காரி யாருன்னு தெரியுமா? பிதா மட்டுந்தான் தேவன், குமாரன் படைக்கப்பட்டவருன்னு சொல்லுத கூட்டம் அது. அந்தப் பை பூராவும் அதான். நீ வேல வேலன்னு போயிருத. இந்தப் பிள்ள தனியா இருக்கு. மாசமா வேற இருக்கு. அவகிட்ட ஒரு செம்பு வெந்நிகூட வாங்கக் கூடாது, பாத்துக்க."

அவர் பயந்ததிலும் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருஷம் இன்னொரு கூட்டத்தார் வந்து, பிதா, குமாரன், ஆவி எல்லாம் இயேசு ஒருவர்தான், அவர் நாமத்தில் மட்டும் முழுக்கு எடுக்க வேண்டும் என்று சொல்லி, அவர் சபையிலிருந்து இரண்டு குடும்பத்தைச் சிற்றாற்றில் இறக்கிவிட்டார்கள். அதில் ஒன்று அவருடைய சொந்தத் தங்கை குடும்பம். அதிலிருந்து அவருக்குப் புதுசாக எந்தக் கிறிஸ்தவரைப் பார்த்தாலும் சந்தேகம்தான்.

வளவுக்காரர் இலஞ்சியில் நிலபுலம் உள்ள பெரிய ஆள். அவர் வளவுக்கு வந்திருந்தபோது அவரிடமும் அவளைக் காலிபண்ணச் சொன்னார் உபதேசியார். அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டதை நான் உள்ளே இருந்து கேட்டேன்.

"என்னவே, உங்களுக்குள்ளேயே சண்டையா? ஒரே சாமியத்தான கும்பிடுதீய? எங்க ஊரு முருகனுக்கு ஆறு முகம். நாங்க என்ன எண்ணிக்கிட்டா இருக்கோம்?"

"உங்களுக்கு அது வெளையாட்டு அண்ணாச்சி. எங்களுக்கு ஆத்தும விசயம்."

"சரிவே, மாசம் முடியட்டும். போகச் சொல்லுதேன்."

அதன்பிறகு நான் அவளைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆனாலும் காது சுவரோடுதான் இருக்கும். சாயங்காலம் அவள் ஜெபம் செய்கிற சத்தம் மெதுவாகக் கேட்கும். என்ன சொல்கிறாள், யாரைக் கூப்பிடுகிறாள் என்று உற்றுக் கேட்பேன். ஒரு நாள் எனக்குக் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்ட கஷாயத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை வாழை மூட்டில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, வாழை வாடுகிறதா என்று மறுநாள் போய்ப் பார்த்தேன். சந்தேகம் என்றால் அவ்வளவு சந்தேகம்.

பிரசவத்துக்கு என்னை எங்கள் ஊருக்கு அனுப்ப நாள் பார்த்திருந்தார்கள். அதற்குள் எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. அன்று காலையில் என் வீட்டுக்காரர் பங்களாவுக்கு வெண்ணெயும் மற்றச் சாமானும் வாங்க ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தது அந்த அக்காதான். வர வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மழையில் ஓடிப் போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்ததும் அவள்தான்.

பெண் குழந்தை. உள்ளங்கை அகலம்தான் முதுகு. அழவில்லை. பூனைக்குட்டி போல ஒரு சத்தம், அவ்வளவுதான். உதடு நாவல்பழ நிறமாக இருந்தது. மருத்துவச்சி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சூடு பட்டாத்தான் தங்கும். எங்க, வெறகு பூராவும் நனைஞ்சுல்லா கெடக்கு" என்று புலம்பிக்கொண்டே, வெந்நீர் வைக்கப் பின்னால் போய்விட்டாள்.

அறையில் நானும் அந்த அக்காவும் குழந்தையும்தான்.

அப்போது எனக்கு எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம்தான் கண்ணில் வந்தது. ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைக்கு அங்கே ஜெபம் வாசிக்க மாட்டார்கள். உள்ளேயும் வைக்க மாட்டார்கள். உடைமுள் வேலிக்கு வெளியே ஒரு குழி தோண்டி மூடிவிட்டு வந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு அப்படி ஆனது. அவள் பனையோலை பொறுக்கப் போகிற சாக்கில் அந்த வேலிப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பாள். என் பிள்ளைக்கு அது வரக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஆபத்து நேரத்தில் ஐயர் இல்லாவிட்டால் ஞானஸ்நானம் பெற்ற யாரும் தண்ணீர் ஊற்றி, மூன்று நாமத்தையும் சொல்லிக் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். நான் அந்த அக்காவைப் பார்த்தேன். வேறு வழி?

"அக்கா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துருங்க."

அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு பேரையும் சொல்லிக் கொடுங்க. சீக்கிரம்."

"நான் பறைய மாட்டேன் மோளே" என்றாள். "நான் விசுவசிக்காததை என் வாய் சொல்லக் கூடாது. பிள்ளைக்குச் செய்யுதது பொய்யா இருக்கலாமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. எல்லாரும் சொன்னது சரி, இவள் இதற்காகத்தான் வந்திருக்கிறாள், என் பிள்ளை வேலிக்கு வெளியே போவதைப் பார்க்கத்தான் நிற்கிறாள் என்றே நினைத்தேன்.

"அப்ப எம் பிள்ள அப்படியே போகட்டுமா?"

"நீ இருக்கியல்லோ. உனக்கு வாய் இருக்கு. நீ விசுவசிக்குற. நீ கொடு."

"கை தூக்க முடியலக்கா."

அது உண்மை. கை என்னுடையது மாதிரியே இல்லை. அவள் சட்டென்று எழுந்து குடத்திலிருந்து ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்தாள். குழந்தையைத் தன் இடது கையில் ஏந்தி, என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, என் விரல்களைத் தண்ணீரில் முக்கி, பிள்ளையின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"சொல்லு" என்றாள்.

என் அம்மாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்து, பிதாவின் நாமத்தைச் சொன்னேன். தண்ணீர் விழுந்தது. அவள் மறுபடி என் கையை முக்கினாள். குமாரனின் நாமத்தைச் சொன்னேன். மறுபடி முக்கினாள். பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னேன். அந்த நேரத்திலும் என் கண் அவள் உதட்டைத்தான் பார்த்தது. வேறு எதையாவது முணுமுணுக்கிறாளோ என்று. உதடு கோயிலில் பார்த்தது போலவே இறுகி மூடியிருந்தது. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது.

அதோடு எனக்கு மயக்கம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து சேர்ந்தார். குழந்தை அன்று பொழுது முழுக்கத் தாங்கியது. மறுநாள் நன்றாக விடிந்தபின், என் பக்கத்தில் கிடந்தபடியே அடங்கிவிட்டது.

உபதேசியாருக்கு ஆள் போயிற்று. அவர் வந்து முன் வராந்தாவில் நின்றார். நான் உள்ளே பாயில் கிடந்தேன். உடம்பெல்லாம் அனலாய்க் கொதித்தது. வீட்டில் வைத்துக் கொடுத்த ஞானஸ்நானம் என்றால் சபையார் சில கேள்வி கேட்டே ஆக வேண்டும். யார் கொடுத்தது, யார் கூட இருந்தது, எதை ஊற்றியது, என்ன சொல்லி ஊற்றியது என்று. உபதேசியார் அதை ஒவ்வொன்றாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று என்னிடம் கேட்டு, அங்கே திரும்பிச் சொன்னார்.

"யாரு கூட இருந்தது?" என்ற இடத்தில் நின்றுபோயிற்று.

"பக்கத்து அறை அக்கா" என்றேன்.

உபதேசியார் சத்தம் உயர்ந்தது. "அவளா? பிள்ளையத் தூக்கினது யாரு? தண்ணி எடுத்தது யாரு?"

"அவதானாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பெறகு என்னலே ஞானஸ்நானம்? பிள்ளையப் பெத்த இது மயங்கிக் கெடந்துருக்கு. அவ ஏதோ அவ இஷ்டத்துக்குச் சொல்லி ஊத்தியிருப்பா. நீதான் சொன்னேன்னு இதுகிட்டச் சொல்லி வச்சிருப்பா."

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து என் தலைமாட்டில் குனிந்தார். "ஏ பிள்ள, உண்மையச் சொல்லு. நீதான் சொன்னியா? நல்லா நெனவு இருக்கா?"

"நாந்தான் சொன்னேன்" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் வாய் திறந்தே பழக்கமில்லாதவள் நான். அதைவிட இன்னொன்று. அவர் அப்படிக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாயால் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா? மூன்றையும் சொன்னேனா, இரண்டோடு மயங்கிவிட்டேனா? காய்ச்சலில் எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போல ஆடியது.

உபதேசியார் கொஞ்சம் தணிந்து சொன்னார். "எனக்கு மட்டும் மனசு கேக்குதா தம்பி? சந்தேகத்த வச்சுக்கிட்டு உள்ள வைக்க முடியாது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வைப்போம். ஐயரு வந்ததும் கேப்போம்."

நான் குழந்தையைத் துணியோடு இழுத்து அணைத்துக்கொண்டேன்.

அப்போது அந்த அக்காவின் குரல் கேட்டது. மாதக் கடைசி. அவளை அன்றைக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைக் கட்டி வைத்திருந்தவள், முற்றத்துச் சாரலில் வந்து நின்றாள். யாரும் மேலே ஏறச் சொல்லவில்லை. நான் கிடந்த இடத்திலிருந்து அவள் நனைந்த முண்டின் கரை மட்டும் தெரிந்தது.

"கேக்க வேண்டியத என்கிட்ட கேளுங்க உபதேசியாரே."

"நீ என்னம்மா சொல்லி ஊத்தின?"

"நான் ஊத்தல்ல. இவ ஊத்தினா. நான் கையைப் பிடிச்சேன்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல்ல. இவ கேட்டா. மாட்டேன்னுட்டேன்."

"பச்சப்பிள்ள சாகக் கெடக்கு. தாய் கெஞ்சுதா. மாட்டேன்னு சொன்னியாக்கும்?" உபதேசியாருக்கு மூச்சு வாங்கியது. "உன்ன எப்படி நம்புதது?"



"செத்துக்கிட்டிருந்த பிள்ளைக்காகச் சொல்லாத பொய்ய, உங்களுக்காகவா சொல்லப் போறேன்?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"இவ பிதான்னு சொன்னப்போ ஒரு தடவ இவ கையைத் தூக்கினேன். குமாரன்னு சொன்னப்போ ஒரு தடவ. பரிசுத்த ஆவின்னு சொன்னப்போ ஒரு தடவ. மூணும் என் காதால கேட்டேன். எனக்கு அதுல விசுவாசம் இல்ல. ஆனா இவ சொன்னா. அது சத்தியம்."

அந்த மூன்று பெயரும் சேர்ந்து அவள் வாயிலிருந்து வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். விசுவாசத்தோடு சொல்லவில்லை, சாட்சியாகச் சொன்னாள். எனக்கு மனசில் ஆடிக்கொண்டிருந்தது நின்றது. ஆமாம், மூன்று முறை கை தூக்கப்பட்டது. மூன்றாவது தண்ணீர் பிள்ளையின் நெற்றியிலிருந்து காதுப் பக்கம் ஓடியது. எல்லாம் தெளிவாக நினைவு வந்தது. முந்தின நாள் எந்த வாய்க்காக அவளை வெறுத்தேனோ, அந்த மூடிய வாய்தான் இப்போது எனக்குச் சாட்சி.

உபதேசியார் குடையை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"பிள்ளைய எடுலே தம்பி. உள்ள வைப்போம்."

தென்காசிக் கல்லறைத் தோட்டத்தில், சுவருக்கு உள்ளே, ஒரு வேம்பு மூட்டில் வைத்து, முழு ஜெபமும் வாசித்தார் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஆனால் அந்த அக்காவைப் போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்கு முன்னால் செங்கோட்டைப் பக்கம் போகிற ஒரு மாட்டுவண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என் வாசலில் நின்றாள். நான் ஏதாவது பேச வேண்டும் என்று பார்த்தேன். அவள்தான் பேசினாள்.

"கஷாயம் வச்சிருக்கேன். இந்தத் தடவை வாழைக்கு ஊத்தாதே, நீ குடி."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. குடித்தேன்.

அதன்பிறகு அந்த அக்காவை நான் பார்க்கவே இல்லை. எனக்கு நாலு பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகளும் எடுத்தாயிற்று. உபதேசியாரும் போய்விட்டார், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். அவள் சொன்னது சரியா, எங்கள் சபை சொல்வது சரியா என்று தீர்க்கிற படிப்பு எனக்கு இல்லை. நான் விசுவசித்ததையே இன்றும் விசுவசிக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. என் கையைத் தூக்கிப் பிடித்த அந்த நேரத்தில், அவள் மனசுக்குள் யாரிடம் என்ன கேட்டு அழுதாள்?

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கீதம் முடிந்து எல்லாரும் எழுந்து நிற்கும்போது, முழங்கால் வலியோடு நானும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். அந்த மூன்று நாமங்களையும் நான் சத்தமாகச் சொல்லுகிற ஒவ்வொரு முறையும், அவற்றைச் சொல்ல மறுத்த ஒருத்தியின் ஈரக் கை என் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருப்பது எனக்குத் தெரிகிறது.